கை வந்துவிட்டது, வேலை வரவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

பக்கவாதம் வந்த அப்பாவுக்கு எட்டு மாதமாக ஆக்குபேஷனல் தெரபி நடக்கிறது. இடது கையில் பிடிமானம் வந்து, சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்கிறார். ஆனாலும் நாள் முழுவதும் திண்ணையிலேயே இருக்கிறார். சென்ற வாரம் வந்த தெரபிஸ்ட் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பால் சொசைட்டிக்கு முன்பு யார் போனார்கள், கணக்கை யார் பார்த்தார்கள் என்று அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். இப்போது தம்பிதான் போகிறான்; புத்தகமும் அவனிடமே இருக்கிறது. இதுவும் சிகிச்சையா?

க., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள க.,

சிகிச்சைதான். ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் குறிக்கும் 'தொழில்வழிச் சிகிச்சை' என்ற பெயரைக் கேட்டதும் நாம் சம்பள வேலையை நினைத்துக்கொள்கிறோம். அத்துறையோ குளிப்பது முதல் கோயில் காரியம் பார்ப்பது வரை ஒருவரின் நாளை நிரப்பும் அனைத்தையும் தொழில் என்றே கொள்கிறது. கனடாவில் உருவாகி 1991இல் வெளியான ஓர் அளவீட்டு முறையில், எந்தச் செயல் தமக்கு முக்கியம் என்பதை நோயாளியே சொல்லி, அதை எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் இடுகிறார். உங்கள் வீட்டில் நடந்த பேச்சும் அவ்வகையைச் சேர்ந்ததாகவே தோன்றுகிறது.

திண்ணையில் இருப்பவருக்கு ஏதாவது பொழுதுபோக்கு போதாதா என்று உறவினர்கள் சொல்லக்கூடும். லாஸ் ஏஞ்சலிஸில் பிறரைச் சாராமல் வாழ்ந்த 361 முதியவர்களைக் கொண்டு நடந்து, 1997இல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு குழுவுக்குத் தெரபிஸ்டுகள் அவரவர் அன்றாட வாழ்வை ஒட்டி ஒன்பது மாதம் வழிகாட்டினர்; இன்னொரு குழு கூடிப் பொழுதுபோக்கியது; மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரப்படவில்லை. முதல் குழுவே உடல், மன நலத்தில் மேம்பட்டது. பொழுதுபோக்கிய குழுவுக்கும் எதுவும் பெறாத குழுவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அவர்கள் பக்கவாத நோயாளிகள் அல்லர் என்பதால் அம்முடிவை அப்படியே உங்கள் அப்பாவுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் கேரம் பலகை வாங்கி வைப்பதற்கு முன் யோசிக்க வைக்கிறது.

எனக்கு ஒரு குறையும் உண்டு. ஒருவர் வாழ்வில் வகிக்கும் பங்குகளைக் குறிக்க இத்துறையினர் பயன்படுத்தும் பட்டியலொன்றில் மாணவர், உழைப்பவர், பராமரிப்பவர், நண்பர் என்று பத்துப் பங்குகள் உள்ளன. விடியலில் சொசைட்டி வரிசையில் நின்று, பாலின் கொழுப்பளவைப் பற்றி வாதாடி, பக்கத்து வீட்டுக் கறவையின் நலம் விசாரித்துத் திரும்பும் பெரியவரை அதில் எந்தக் கட்டத்தில் அடைப்பது? நம் ஊர்களில் ஒரே நடையில் நான்கு பங்குகள் கலந்திருக்கின்றன.

அடுத்த முறை தெரபிஸ்ட் கேட்கும்போது நீங்கள் பதில் சொல்லாமல், அப்பாவைப் பேச விடுங்கள். அவருக்கு வலது கை நன்றாக இருக்கிறது. அவர் விரும்பினால் சொசைட்டிப் புத்தகத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். பால் பாத்திரத்தை மட்டும் தம்பி தூக்கிக்கொண்டு கூடப் போகட்டும்.