பயிர்களில் பூஞ்சை நோய்களைத் தடுக்கத் தெளிக்கும் போர்டோ கலவையைக் கண்டுபிடித்தவர் யார்?

பிரெஞ்சுத் தாவரவியலாளர் அலெக்சி மில்லார்தே (1838–1902). கண்டுபிடித்தார் என்பதைவிடக் கண்டுகொண்டார் என்பதே பொருந்தும். 1882-இல் போர்டோ நகருக்கு அருகே மெடாக் பகுதித் திராட்சைத் தோட்டங்களின் வழியே நடந்தவர் ஓர் அதிசயத்தைக் கவனித்தார். அடிச்சாம்பல் நோயால் மற்ற கொடிகளெல்லாம் இலையுதிர்ந்து நிற்க, பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. இலைகளில் நீலப் பூச்சு. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க மயில்துத்தத்தையும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருந்தார்களாம். திருடனுக்குப் போட்ட வேலி நோயைத் தடுத்துவிட்டது! வேதியியலாளர் உலிஸ் கேயோனுடன் சேர்ந்து சோதித்து, 1885-இல் செய்முறையை வெளியிட்டார்.

நம் தோட்டங்களில் இன்றும் தெளிப்பது இதைத்தான். 1 சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். தீட்டிய கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.