ஆய்வுக் கருவிக்கு அரசு நிதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேதியியல் துறைக்கு ஜிசி-எம்எஸ் கருவி (மாதிரியிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காண்பது) வாங்க மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘ஃபிஸ்ட்’ எனும் ஆய்வுக் கட்டமைப்பு நிதித் திட்டத்தில் விண்ணப்பிக்கிறோம். கொட்டேஷன் 40 லட்சம் ரூபாய், வரி தனி. பட்ஜெட்டில் அதையே காட்டலாமா?
– உதவிப் பேராசிரியை, திருநெல்வேலி

பதில்: காட்டாதீர்கள். முதலில் வரி. ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையிலேயே போய்விட்டது. இப்போது 18 சதவீதம். சீனியர் ஒருவரின் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து 5 சதவீதம் போட்டால் 40 லட்சத்துக்கு 2 லட்சம் வரும். உண்மையில் கட்ட வேண்டியது 7.2 லட்சம். துண்டு விழும் 5.2 லட்சத்தைக் கல்லூரிதான் தேட வேண்டியிருக்கும். இறக்குமதி என்றால் சுங்க வரியும் சேர்ந்த மதிப்பின் மேல்தான் ஜிஎஸ்டி கணக்கு. சுங்க வரிச் சலுகை உண்டா என்பதை அன்றைக்கு அமலில் உள்ள அறிவிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தனியார் நிறுவனம் என்றால் டிஎஸ்ஐஆர் (மத்திய அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சித் துறை) பதிவு இல்லாமல் அதைக் கேட்கவே முடியாது.

அடுத்தது, கொட்டேஷனில் இல்லாத பொருள்கள். 99.999 சதவீதத் தூய்மையுள்ள ஹீலியம் சிலிண்டர், இரட்டை நிலை ரெகுலேட்டர், வாயுவிலுள்ள ஈரத்தையும் ஆக்சிஜனையும் பிடிக்கும் வடிகட்டி (டிராப்), உதிரி காலம் (சேர்மங்களைப் பிரிக்கும் நீண்ட குழாய்), ஃபிலமென்ட் (கருவிக்குள் சூடாகும் மெல்லிய கம்பி), வெற்றிடப் பம்புக்கான எண்ணெய், நிறமாலை நூலகத்தின் (சேர்மங்களை ஒப்பிட்டு அடையாளம் காணும் தரவுத்தொகுப்பு) உரிமம், ஏசி, எர்த்திங், யுபிஎஸ். இவற்றில் யுபிஎஸ்ஸைக் குறைக்கவே கூடாது. கரன்ட் திடீரென்று போனால் பம்ப் நின்று வெற்றிடம் உடையும். உள்ளே காற்று புகுந்தால் கருவியின் பாகங்கள் கெடலாம். கருவியை முறைப்படி அணைக்கும் வரை தாங்கும் பேட்டரி வேண்டும்.

விலை டாலரில் இருந்தால், நிதி மட்டும் ரூபாயில்தான் அனுமதியாகும் என்பதை மறக்காதீர்கள். விண்ணப்பித்த நாளுக்கும் எல்.சி. (கம்பெனிக்கு வங்கி தரும் கட்டண உறுதிக் கடிதம்) திறக்கும் நாளுக்கும் இடையே டாலர் ஏறினால் அந்தப் பாரமும் உங்கள் தலையில்தான். வாரண்டி முடிந்த பிறகான சிஎம்சி (உதிரிபாகங்களும் சேர்ந்த முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) விலையை டெண்டரிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் கேட்டால் கம்பெனி சொல்வதுதான் விலை. வாரண்டி கப்பல் ஏறிய நாளிலிருந்து அல்ல, கருவி நிறுவி இயங்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் எழுதுங்கள். அறை தயாராகாமல் பெட்டி பிரிக்கப்படாமலேயே வாரண்டி கரைவது நம் கல்லூரிகளில் அடிக்கடி நடக்கிறது; மனம் வலிக்கும் வீண் அது.

கேள்வி: 18 லட்ச ரூபாய் கருவிக்கு டெண்டர் கட்டாயமா? அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில்தான் வாங்க வேண்டுமா?
– ஆய்வாளர், கோவை

பதில்: 2025 ஜூனில் நிதி அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. ஆய்வுக்கான கருவி, நுகர்பொருள்களை 2 லட்சம் வரை கொட்டேஷன் இல்லாமல் வாங்கலாம்; அதற்கு மேல் 25 லட்சம் வரை கொள்முதல் குழு மூலம் வாங்கலாம். ஜெம் கட்டாயமும் இல்லை. ஆனால் இது மத்திய அரசின் அறிவியல் துறைகள், அவற்றின் கீழுள்ள ஆய்வு நிறுவனங்கள் போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நீங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்திலோ உதவிபெறும் கல்லூரியிலோ இருந்தால், நிதி அனுமதி ஆணையில் எந்த விதி சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்த்து, நிதி அலுவலரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் 3 பேர் இருக்க வேண்டும். சந்தையை விசாரித்து, விலை நியாயமானது என்று மூவரும் கையெழுத்திட வேண்டும்.

தணிக்கையில் அதிகம் சிக்குவது ஸ்பெசிஃபிகேஷன் (கருவிக்கு நாம் எழுதும் தொழில்நுட்ப விவரம்)தான். ஒரு கம்பெனியின் கேட்டலாக்கை அப்படியே நகலெடுத்தால் மற்றவர் உள்ளே வர முடியாது, ஆட்சேபம் வரும். ‘இந்த மாடல்’ என்று எழுதுவதை விட்டு, உங்கள் மாதிரியில் எவ்வளவு குறைந்த செறிவைக் கண்டறிய வேண்டும், என்ன நிறை வரம்பு வேண்டும் என்று தேவையை எழுதுங்கள். ஒரே கம்பெனியிடம்தான் கிடைக்கும் என்றால், அதற்கான காரணத்தோடு தனியுரிமைப் பொருள் சான்று (வேறு யாரிடமும் கிடைக்காது என்ற சான்று) வைக்க வேண்டும்.

கேள்வி: நுகர்பொருள் தலைப்பில் மீதமுள்ள பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கலாமா?
– ஆராய்ச்சி மாணவர், சேலம்

பதில்: நிதி தந்த நிறுவனத்தின் முன்அனுமதி இல்லாமல் கூடாது. கம்ப்யூட்டர் மூலதனச் செலவு. திட்டம் முடிய 6 மாதம் இருக்கும்போதே கேளுங்கள். கடைசி மாதத்தில் கேட்டால் பதில் வருவதற்குள் திட்டம் முடிந்துவிடும்.

கேள்வி: நிதியை எப்படிச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தவணை நிற்கிறது. எங்கே தவறியிருப்போம்?
– துறைத் தலைவர், மதுரை

பதில்: படிவம் ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ தானா என்று முதலில் பாருங்கள். பிறகு செலவுக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். தொடக்க இருப்பு, முந்தைய ஆண்டின் இறுதி இருப்போடு ஒரு ரூபாய்கூட மாறாமல் பொருந்த வேண்டும். கம்பெனிக்குக் கொடுத்த முன்பணத்தை, கருவி வந்து சேருமுன் செலவாகக் காட்டுவது பரவலான பிழை. அதை முன்பணம் என்றே தனியாகக் காட்டுங்கள். வட்டி வந்திருந்தால் பாரத்கோஷ் எனும் மத்திய அரசின் இணையக் கட்டணத் தளம் வழியே அரசுக்குக் கட்டி ரசீதை இணைக்க வேண்டும். சொத்துப் பதிவேட்டில் கருவியின் வரிசை எண் ஏறியிருக்கிறதா என்றும் சரிபாருங்கள். பூஜ்ய இருப்புக் கணக்கில் (பணம் தேங்காமல், செலவுக்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கும் கணக்கு) வரும் நிதி என்றால், மார்ச் 31 வரை செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அதை இருப்பு என்று எழுதினாலும் சான்றிதழ் திரும்பி வரும்.

கேள்வி: எங்கள் கல்லூரிக்கு இவ்வளவு நிதி கிடைக்க வாய்ப்பே இல்லை. என்ன வழி?
– விரிவுரையாளர், தர்மபுரி

பதில்: ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்து பயன்படுத்துவதற்கான ஐ-ஸ்டெம் இணையதளத்தில் பதிவு செய்தால் நாடு முழுவதும் உள்ள கருவிகளைத் தேடி நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். சென்னை ஐஐடியின் சைஃப் (நவீனப் பகுப்பாய்வுக் கருவி வசதி) மையமும் வெளி மாதிரிகளைக் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகிறது. மாதிரி எவ்வளவு வேண்டும், எந்தக் கரைப்பானில் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு அனுப்புங்கள். அந்தக் கட்டணத்தை உங்கள் சிறு திட்டத்தின் பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்டுங்கள்.