விழுந்தாலும் மதிப்பெண் உண்டு: ஃபிகர் ஸ்கேட்டிங் கேள்வி – பதில்

கேள்வி: ‘ஸ்பின்னிங் அவுட்’ தொடரின் பத்து எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்தேன். முதல் பாதி கட்டிப்போட்டது, பின்பாதி இழுத்தது. ஸ்கேட்டிங் தெரிந்தவர்களுக்கும் அப்படித்தானா?

பதில்: அப்படியேதான். 2020 ஜனவரி முதல் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர். உருவாக்கிய சமந்தா ஸ்ட்ராட்டன் ஒரு காலத்தில் போட்டிகளில் ஆடியவர் என்பது முதல் சில எபிசோடுகளிலேயே தெரிந்துவிடும். தலையில் அடிபட்டு மீண்டு வந்த நாயகி கேட், தாவுவதற்கு ஒரு கணம் முன்பு தயங்கி நிற்கிறாள். அந்த இடம் அச்சு அசல். விழுந்து அடிபட்டவர்களுக்குத் தாவும் நுட்பம் மறந்துபோவதில்லை. காலை ஊன்றி எழும்ப வேண்டிய நொடியில் உடம்பு மறுத்துவிடும். சுற்று பாதியில் திறந்துகொள்ளும், மூன்று சுற்று ஒன்றாகச் சுருங்கும். தன்னால் முடியாததை மகள்கள் மேல் ஏற்றிவைக்கும் அம்மாவும், பயிற்சிக்காகக் கரையும் பணமும்கூட நம்பும்படி இருக்கின்றன. தாய்க்கும் மகளுக்கும் இருமுனைக் கோளாறு என்பதை ஒரு திருப்பமாக வைக்காமல் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதும் நல்ல முடிவு.

பின்பாதியில் என்ன ஆயிற்று? காதல், ரகசியம், துரோகம் எல்லாம் வரிசை கட்டி வந்ததில் போட்டிக்கு இடமில்லாமல் போனது. எந்தப் போட்டியிலும் கணக்கு இல்லை. யாருக்கு எத்தனை புள்ளி தேவை, எந்தத் தாவலைக் குறைத்தால் தப்பிக்கலாம், எதைக் கூட்டினால் பதக்கம் என்பதுதான் இந்த விளையாட்டின் பரபரப்பே. தொடரில் விழுந்தால் தோல்வி, விழாவிட்டால் கைதட்டல், அவ்வளவுதான். குடும்பக் கதைக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் தரலாம். விளையாட்டுக் கதைக்குப் பாஸ் மார்க் போடுவதே கஷ்டம்.

கேள்வி: ஒற்றையர் பிரிவில் ஆடியவள் ஜோடிப் பிரிவுக்கு மாறி, அதே வேகத்தில் பெரிய போட்டிக்குப் போய்விடுகிறாளே, நடக்குமா?

பதில்: மாறுவது நடக்கும். அந்த வேகத்தில் நடப்பதுதான் சிரமம். முதலில் பார்க்க வேண்டியது, இருவரும் ஒரே திசையில் சுழல்பவர்களா என்பது. பெரும்பாலானவர்கள் இடஞ்சுழியாகச் சுற்றுவார்கள். ஒருவர் வலஞ்சுழி என்றால் அருகருகே தாவுவதும் சுழல்வதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாகிவிடும். சேர்ந்து சுழலும் ஜோடிச் சுழலில் சிக்கல் இன்னும் அதிகம்.

ஒற்றையரிலிருந்து வருபவருக்கு அருகருகே தாவுவது எளிது, ஏற்கெனவே தெரிந்த வேலை. புதிதாகக் கற்க வேண்டியவை நான்கு: தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட், மேலே எறிந்து பிடிக்கும் ட்விஸ்ட், வீசியெறியும் த்ரோ ஜம்ப், அவன் ஓரிடத்தில் ஊன்றி நிற்க அவள் பனியை ஒட்டிச் சாய்ந்து அவனைச் சுற்றும் டெத் ஸ்பைரல். லிஃப்டை முதலில் பனியில் செய்ய மாட்டார்கள். தரையில் மெத்தை விரித்து, சாதாரணக் காலணியுடன், பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு கைப்பிடியைப் பழகுவார்கள். மேலே போனவள் பயந்து உடம்பைத் தளர்த்தினால் அத்தனை எடையும் தூக்குபவன் தோளில் இறங்கும். அவள் விறைப்பாக இருந்தால்தான் அவனுக்குப் பாரம் குறைவு. பயந்தவளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான்.

ட்விஸ்டில் நேரம் தவறினால் அவள் சுற்றி முடிக்கும் முன்பே அவன் பிடிக்கப் போவான். அவள் முழங்கை அவன் முகத்தில் படும், அல்லது அவன் தோள்மேல் வந்து மோதுவாள். இடுப்பைக் காற்றிலேயே சுத்தமாகப் பிடித்து இறக்கினால்தான் நல்ல மதிப்பெண். த்ரோ ஜம்ப்பில் உயரமும் தூரமும் தானாகத் தாவுவதைவிட அதிகம், ஆகவே காற்றில் இருக்கும் நேரமும் அதிகம். ஒற்றையர் பழக்கத்தில் சட்டென்று உடம்பைச் சுருக்கினால் சுற்று சீக்கிரம் முடிந்து, தரை வருவதற்குள் உடம்பு கூடுதலாகத் திரும்பிவிடும். கொஞ்சம் பொறுத்துச் சுருக்கப் பழக வேண்டும். தலையில் அடிபட்ட ஒருத்தியைப் போய் வீசியெறிவது எந்தப் பயிற்சியாளரும் முதல் மாதத்தில் செய்யக்கூடிய காரியமல்ல. தொடரின் பயிற்சியாளர் தாஷா இந்த விஷயத்தில் ரொம்ப அவசரக்காரி.

கேள்வி: நடிகைகளே ஸ்கேட் செய்தார்களா?

பதில்: முகமும் காலும் ஒரே ஷாட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். இடுப்புக்கு மேல் தெரிந்தால் நடிகை. முழு உருவம் தூரத்தில் தெரிந்தால் பெரும்பாலும் டூப். ஆனால் கேப் என்ற போட்டியாளராக வரும் ஜானி வேர் அசல் சரக்கு. 2004 முதல் 2006 வரை தொடர்ந்து மூன்று முறை அமெரிக்கச் சாம்பியன். அவர் வரும் காட்சிகளில் தொடருக்கே உயிர் வந்துவிடுகிறது.

கேள்வி: தொப்பென்று விழுந்தவருக்கு, விழாதவரைவிட அதிகப் புள்ளி கொடுக்கிறார்கள். இது என்ன நியாயம்?

பதில்: எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. 2018-ல் வந்த அட்டவணைப்படி நான்கு சுற்று லட்ஸ் என்ற தாவலுக்கு 11.50, நான்கு சுற்று டோ லூப் என்ற தாவலுக்கு 9.50. ஒன்பது நடுவர்கள் ஒவ்வொருவரும் அந்தத் தாவலின் செய்நேர்த்திக்கு −5 முதல் +5 வரை போடுவார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு மீதி ஏழின் சராசரி எடுக்கப்படும். ஒவ்வொரு படிக்கும் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம்.

விழுந்தால் −5. லட்ஸில் விழுந்தவருக்கு 11.50-ல் பாதி, அதாவது 5.75 போய்விடும். அதோடு விழுந்ததற்காக மொத்தத்திலிருந்து இன்னொரு 1 புள்ளி. கையில் மிஞ்சுவது 4.75. மூன்று சுற்று லட்ஸைத் தவறில்லாமல் சாதாரணமாகச் செய்தவருக்கே 5.90 கிடைக்கும், அழகாகச் செய்து +3 வாங்கினால் 7.67. நான்கு சுற்று டோ லூப்பில் விழுந்தவர் நிலை இன்னும் மோசம்: 9.50-ல் பாதி 4.75, அதில் ஒன்று கழித்தால் 3.75. மூன்று சுற்று டோ லூப்பின் அடிப்படை மதிப்பே 4.20. விழுந்தவருக்கு இந்தத் தாவலில் நட்டம்தான்.

சுற்றும் குறைந்துபோனால் கேட்கவே வேண்டாம். கால் சுற்றுக்கு மேல், அரைச் சுற்றுக்குள் குறைந்தால் அடிப்படை மதிப்பில் 80 சதவீதம்தான். அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் ஒரு சுற்று குறைவான தாவலாகவே எண்ணப்படும். நான்கு சுற்று லட்ஸ் அப்படி இறங்கி விழுந்தும் போனால் மிஞ்சுவது 1.95.

அப்புறம் எப்படி விழுந்தவர் ஜெயிக்கிறார்? விழுந்தது ஒரே ஒரு தாவலில். ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட ஆட்டத்தில் தாவல் மட்டும் ஏழு இருக்கிறது. சுழல்கள், கால் அசைவுகளின் தொடரான அடிவரிசை, ஆட்டத்தின் அமைப்புக்கும் வெளிப்பாட்டுக்கும் தரும் கலைக்கூறு மதிப்பெண் எல்லாம் தனி. டிவியில் பார்க்கும் நமக்கு அந்த ஒரு விழுகைதான் மனதில் நிற்கிறது.

கேள்வி: லட்ஸையும் ஃப்ளிப்பையும் எப்படிப் பிரித்து அறிவது? எனக்கு எல்லாத் தாவலும் ஒன்றாகவே தெரிகிறது.

பதில்: முதலில் ஆக்ஸலை ஒதுக்கிவிடுங்கள். முன்னோக்கி எழும்பும் ஒரே தாவல் அதுதான். அதனால்தான் அதில் அரைச் சுற்று கூடுதல். மீதி ஐந்தும் பின்னோக்கிச் செல்கையில் எழும்புபவை. அவற்றில் சால்கோவும் லூப்பும் விளிம்பின் பலத்தில் மட்டும் எழும்பும். டோ லூப், ஃப்ளிப், லட்ஸ் மூன்றிலும் மறுகாலின் பிளேடு முனையில் உள்ள பற்களைப் பனியில் குத்தி எழும்ப வேண்டும்.

இனி விளிம்பு. பிளேடு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன். அடிப்பக்கம் நடுவே நீளவாட்டில் குழித்திருக்கும். ஆகவே ஒரே பிளேடுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு. இடஞ்சுழியாகச் சுற்றுபவர் ஃப்ளிப்பிலும் லட்ஸிலும் இடது காலில் பின்னோக்கிச் சென்று வலது காலைக் குத்துவார். இடது கால் உள்விளிம்பில் இருந்தால் ஃப்ளிப், வெளிவிளிம்பில் இருந்தால் லட்ஸ்.

வலது கால் குத்துவதற்குச் சற்று முன் இடது கணுக்காலை மட்டும் பாருங்கள். லட்ஸில் அது உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அரங்கின் மூலையை நோக்கி நீளமாக, வளைந்து வருவார்கள். வந்த வளைவு ஒரு பக்கம், காற்றில் சுற்றுவது அதற்கு எதிர்ப்பக்கம். லட்ஸின் கஷ்டம் அதில்தான் இருக்கிறது. கடைசி நொடியில் உடம்பு சுற்றும் பக்கம் சாய ஆசைப்பட்டு, கணுக்கால் உள்ளே மடங்கினால் லட்ஸ் ஃப்ளிப்பாகிவிடும். தொழில்நுட்பக் குழு மறுஒளிபரப்பில் பார்த்து ‘தவறான விளிம்பு’ என்று குறித்தால் அடிப்படை மதிப்பு 80 சதவீதமாகும், நேர்த்தியிலும் அடி. ‘தெளிவில்லை’ என்று குறித்தால் நேர்த்தியில் மட்டும் குறையும். சிறு வயதில் படிந்த இந்தப் பிழையைப் பின்னால் திருத்துவது பெரிய பாடு. வலஞ்சுழிக்காரர்களுக்கு எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் ஐந்து முறை நான்கு சுற்று தாவிய ரஷ்யாவின் ட்ரூசோவாவுக்கு ஏன் தங்கம் இல்லை?

பதில்: தங்கம் நழுவியது முதலில் ஆடும் குறுகிய ஆட்டமான ஷார்ட் புரோகிராமில். அங்கே பெண்களுக்கு நான்கு சுற்றுத் தாவலுக்கு அனுமதி இல்லை. மூன்று சுற்று ஆக்ஸலுக்கு முயன்று விழுந்தார்: 74.60. தங்கம் வென்ற சக ரஷ்யர் ஷெர்பகோவா 80.20. ஃப்ரீ ஸ்கேட்டில் ட்ரூசோவா 177.13, ஷெர்பகோவா 175.75. அங்கே முந்தியது 1.38, இங்கே பின்தங்கியது 5.60.

ஐந்துக்கு எதிராக ஷெர்பகோவா செய்தது இரண்டே இரண்டு நான்கு சுற்றுத் தாவல். அப்படியும் தொழில்நுட்ப மதிப்பெண்ணில் 106.16-க்கு 100.49 என்று ஒட்டி வந்தார், கலைக்கூறில் 70.97-க்கு 75.26 என்று மேலே இருந்தார். ட்ரூசோவாவின் கோபம் புரிகிறது. ஆனால் தாவல்களுக்கு நடுவே அவர் வெறுமனே அடுத்த தாவலுக்கு ஓடிக்கொண்டிருந்தார். முடிவு சரி என்பதே எமது கட்சி.

கேள்வி: இவ்வளவு சுழன்றும் தலை சுற்றாதா?

பதில்: தொடக்கத்தில் சுற்றும். வருடக்கணக்கான பயிற்சியில் மூளை பழகிவிடுகிறது. சுழலிலிருந்து வெளியேறும்போது ஓர் இடத்தில் பார்வையை நிறுத்திக்கொள்வார்கள். எதிர்ப்பக்கம் சுற்றச் சொல்லிப் பாருங்கள், பலர் தள்ளாடுவார்கள்.

கேள்வி: டிவி திரையின் மூலையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புப் பெட்டிகள்?

பதில்: பச்சை என்றால் நடுவர்கள் நேர்த்தியில் கூட்டியிருக்கிறார்கள், சிவப்பு என்றால் குறைத்திருக்கிறார்கள். மஞ்சள் என்றால் சுற்றிலோ விளிம்பிலோ சந்தேகம், ஆட்டம் முடிந்ததும் மறுபார்வை உண்டு. நாலைந்து மஞ்சள் தெரிந்தால் பக்கத்தில் ஓடும் மொத்தத்தை நம்பிக் கொண்டாடிவிடாதீர்கள்.

கேள்வி: 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் கொரியாவின் யூனா கிம்முக்கு அநீதி நடந்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

பதில்: ஒரே வார்த்தையில் முடியாது. தாவல் கணக்கில் அநீதி இல்லை. தங்கம் வென்ற ரஷ்யாவின் சோட்னிகோவா ஃப்ரீ ஸ்கேட்டில் மூன்று சுற்றுத் தாவல் ஏழு வைத்திருந்தார்; யூனா கிம் ஆறு, அதில் லூப்பே இல்லை. தொழில்நுட்ப மதிப்பெண் 75.54-க்கு 69.69. ஒரு கூட்டுத் தாவலின் முடிவில் சோட்னிகோவா தடுமாறியதைச் சேர்த்தும் இந்த வித்தியாசம்.

கலைக்கூறுதான் நெருடுகிறது. கிம்முக்கு 74.50, சோட்னிகோவாவுக்கு 74.41. இருவரும் ஏறத்தாழச் சமம் என்று அந்த ஆட்டங்களைப் பார்த்த எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்? போதாததற்கு எந்த நடுவர் எந்த மதிப்பெண் போட்டார் என்று தெரியாத முறை அப்போது இருந்தது. 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பிரிவில் வெடித்த நடுவர் ஊழலுக்குப் பிறகு, நடுவர்கள் மேல் நெருக்கடி வராமலிருக்க என்று கொண்டுவந்த மறைப்பு அது. 2016-17 சீசனில்தான் பெயரும் மதிப்பெண்ணும் மீண்டும் சேர்ந்தன. கலைக்கூறு முன்பு ஐந்து, இப்போது மூன்று: அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். எண்ணிக்கையைக் குறைத்ததால் மட்டும் அதிலுள்ள ஊகம் குறைந்துவிடவில்லை.

கேள்வி: சீனியர் போட்டிக்கு வயது வரம்பை உயர்த்தியது சரியா?

பதில்: சரி. 15 என்றிருந்ததை 2023-24-ல் 16 ஆகவும், 2024-25-ல் 17 ஆகவும் உயர்த்தினார்கள். எடை குறைந்த சிறுமியின் உடம்பை நம்பி நான்கு சுற்று கற்றுக்கொடுத்து, உடம்பு மாறியதும் கைவிடும் வழக்கத்துக்கு இது ஓரளவாவது கடிவாளம். பட்டினி போடும் பயிற்சியாளரை இந்த வரம்பு தடுக்காது என்பதும் உண்மை.

கேள்வி: பின்குட்டிக்கரணம் அடித்தால் புள்ளி உண்டா?

பதில்: தனி அடிப்படை மதிப்பு கிடையாது. 1976 ஒலிம்பிக்ஸில் டெர்ரி குபிக்கா அடித்தார், அடுத்த ஆண்டு தடை வந்தது. 1998 நகானோவில் சூர்யா போனாலி தடையைப் பொருட்படுத்தாமல் அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். 2024-ல் தடை நீங்கியது. இப்போது அடித்தால் புள்ளி பறிபோகாது, அரங்கம் எழுந்து நிற்கும்.

கேள்வி: ‘ஸ்பின்னிங் அவுட்’ இரண்டாம் சீசன் வருமா?

பதில்: வராது. வெளியான சில வாரங்களிலேயே நெட்ஃபிளிக்ஸ் கைவிட்டுவிட்டது.