எட்ஜ் பேண்டிங் மெஷின் வாங்க பெங்களூரு கண்காட்சிக்குப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: தேனியில் மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். டேபிள் சாவும், பலகை ஓரத்தில் டேப்பைக் கையால் ஒட்டும் எட்ஜ் பேண்டரும்தான் இருக்கின்றன. ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்க எண்ணம். பெங்களூரில் நடக்கும் ‘இந்தியாவுட்’ மரவேலை மெஷின் கண்காட்சிக்கு வந்து புக் செய்தால் விலை குறையும், மானியமும் வாங்கித் தருகிறோம் என்று ஒரு டீலர் கூப்பிடுகிறார். எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறது, இரண்டு நாள் வேலையைக் கெடுக்காதே என்கிறார் என் தம்பி. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: போய்ப் பாருங்கள். அங்கே பணம் மட்டும் கட்டாதீர்கள்.

உங்களைப் போன்ற பட்டறைக்காரருக்குக் கண்காட்சியால் உருப்படியான லாபம் ஒன்றுதான். உங்கள் பலகையை ஒரே நாளில் ஐந்து கம்பெனி மெஷினில் விட்டுப் பார்க்கலாம். யூடியூபில் இது நடக்காது. வீடியோ எடுப்பவர் நன்றாக வந்த பீஸைத்தான் காட்டுவார். அதே சமயம், இன்னும் ஒரு வருடத்துக்குள் மெஷின் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் உங்கள் தம்பி சொல்வதே சரி. மைக்கா, கீல், டிராயர் சேனல், கைப்பிடி எல்லாம் மதுரைக் கடைகளிலேயே பார்க்கலாம். கண்காட்சியில் அந்தச் சாமான் அரங்குகளில் நுழைந்தால் கை நிறைய கேட்லாக்கும் கால் வலியும்தான் மிஞ்சும்.

இந்தியாவுட் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டுகளில், பெங்களூரு தும்கூர் சாலையில் உள்ள சர்வதேசக் கண்காட்சி மையத்தில் நடக்கிறது. 2024-இல் பிப்ரவரியில் நடந்தது. ஒற்றைப்படை ஆண்டுகளில் டெல்லிவுட், கிரேட்டர் நொய்டாவில். 2024 நவம்பரிலிருந்து பெங்களூரு மெட்ரோவின் பச்சைத் தடம் மையத்தை ஒட்டிய மாதவாரா வரை ஓடுவதால், தும்கூர் சாலை நெரிசலில் ஆட்டோவில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கடைசி நாளில் போகாதீர்கள். மதியத்துக்கு மேல் பிளக்கைப் பிடுங்கிப் பேக்கிங் ஆரம்பித்துவிடுவார்கள். நடு நாளில், காலையில் கதவு திறந்ததும் உள்ளே போங்கள். பசைத் தொட்டி சூடேற எப்படியும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வரிசையில் நீங்கள் முதல் ஆளாக இருக்கலாம். கூட வர வேண்டியவர் பார்ட்னரோ மைத்துனரோ அல்ல. அந்த மெஷினை நாளைக்கு ஓட்டப்போகிற ஆள்.

வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். ஸ்டாலில் ஓடுவது அவர்களுடைய பலகை: மேல்தாள் ஒட்டியே வருகிற, மொழுமொழுவென்று வெட்டிய ப்ரீ-லேமினேட்டட் போர்டு, வெள்ளைப் பலகையில் வெள்ளை டேப். வெள்ளையில் வெள்ளை ஒட்டினால் பசைக்கோடு யார் கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் வேலை செய்வதோ பிளைவுட்டில். 18 எம்.எம். என்று விற்பது ஒரே ஷீட்டில் ஒரு மூலையில் 17.5-ம் இன்னொரு மூலையில் 18.2-மாக இருக்கும், நடுவில் ஓட்டையும் இருக்கும். இரு பக்கமும் மைக்கா ஒட்டினால் ஏறக்குறைய 20 வரும்.

ஆகவே உங்கள் பட்டறையில் தினமும் ஓடும் பிளைவுட்டில் வெள்ளை மைக்கா ஒட்டி, 400-க்கு 150 எம்.எம். அளவில் ஸ்டாலுக்கு இரண்டு பீஸும், 400-க்கு 80 அளவில் ஒரு ஒல்லிப் பீஸும் வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்து ஸ்டாலுக்குப் பதினைந்து பீஸ், பத்துப் பன்னிரண்டு கிலோ, ஒரு பையில் அடங்கும். கூடவே 22 எம்.எம். அகலக் கறுப்பு டேப் ஒரு ரோல், கனம் அளக்க ஒரு வெர்னியர், ஒரு மார்க்கர் பேனா. போவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள். ‘பலகையில் ஆணி கிடந்தால் டைமண்ட் கட்டர் போய்விடும்’ என்று சில ஸ்டாலில் தயங்குவார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆணி இல்லை என்று காட்டுங்கள். காட்டிய பிறகும் ஓட்டமாட்டோம் என்றால் அந்த மெஷினைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

பீஸ் வெளியே வந்ததும் முதலில் கடைசி மூலையைப் பாருங்கள். ப்ரீ-மில்லிங் என்பது டேப் ஒட்டும் முன் பலகை ஓரத்தை அரை எம்.எம். அளவுக்குச் சீவிச் சுத்தம் செய்யும் பகுதி. அதில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு மோட்டார்கள் இருக்கும். ஒன்று பலகையின் பெரும்பகுதியைச் சீவும், மற்றது முனையில் மைக்கா பெயராமல் பார்த்துக்கொள்ளும். இரண்டும் மாறும் நேரம் பிசகினால் முனையில் மைக்கா சில்லு சில்லாகப் பெயரும். மலிவு மெஷின்களில் அதிகம் சொதப்புவது இந்த இடம்தான். டேபிள் சாவில் வெட்டுகிற உங்களுக்கு ப்ரீ-மில்லிங் இல்லாத மெஷின் வேண்டவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

அடுத்தது விரல் நகம். டேப்பும் மைக்காவும் சேரும் கோட்டில் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். தட்டினால் டேப்பின் மிச்சத்தைச் சீவும் ட்ரிம்மர் சரியில்லை அல்லது பலகையின் கனம் மாறும்போது ட்ரிம்மர் கூடவே ஏறி இறங்கவில்லை. ஒல்லிப் பீஸை விடச் சொல்லுங்கள். நடுவழியில் கோணலாகத் திரும்பினால் உங்கள் ஸ்கர்ட்டிங் பட்டையெல்லாம் இனியும் கையால்தான். ஒவ்வொரு பீஸிலும் ஸ்டால் பெயர், பசையின் சூடு, ஓடும் வேகம் மூன்றையும் மார்க்கரால் எழுதி வையுங்கள். சாதாரண ஈ.வி.ஏ. பசை என்றால் 180-லிருந்து 210 டிகிரி வரை இருக்கும். ஊருக்கு வந்து இரண்டு நாள் கழித்து ஒரு முனையைக் கத்தியால் நெம்பி டேப்பை உரியுங்கள். பசை இரு பக்கமும் ஒட்டியிருந்தால் பிடிப்பு சரி. முழுவதும் டேப்போடு வந்துவிட்டால் பலகை ஓரத்தில் தூசி இருந்திருக்கிறது அல்லது பசை சூடு போதவில்லை. முழுவதும் பலகையிலேயே தங்கிவிட்டால் கோளாறு டேப்பில். பின்பக்கம் பசை பிடிப்பதற்கான ப்ரைமர் சரியாகப் பூசாத டேப் அது. மெஷினைத் திட்டாதீர்கள்.

இனி டீலர் சொல்லும் அந்த ‘ஷோ பிரைஸ்’, அதாவது கண்காட்சி விலை. இன்று மாலைக்குள் அட்வான்ஸ் கட்டினால்தான் இந்த விலை என்பது நெருக்கிப் பிடிக்கும் பேச்சு. நாற்பது நாள் கழித்துக் கேட்டாலும் அநேகமாக அதே விலைக்கு வருவார்கள், டார்கெட் மாத முடிவில் இன்னும் இறங்குவார்கள். பெயர், போன் எண், மெஷின் மாடல், விலை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, 45 நாள் செல்லும் என்று கொட்டேஷனில் தேதி போடச் சொல்லுங்கள். போட மறுப்பவரிடம் பின்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டுப் போனால் என்ன மரியாதை கிடைக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்டாலில் நிற்கிற அதே டெமோ மெஷின். திரும்ப லாரி ஏற்றுவதைவிடக் குறைத்து விற்றுவிடலாம் என்று கம்பெனி நினைக்கும், அந்தத் தள்ளுபடி உண்மையானது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. சீரியல் நம்பரைப் படம் எடுத்து, அதே நம்பர் இன்வாய்ஸில் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ‘இதே மாடல்’ என்ற சொல்லுக்கு இடம் கொடுக்காதீர்கள். இந்த மெஷின் இதுவரை எத்தனை கண்காட்சி பார்த்தது, மீட்டரில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். நாலு ஊர் ஏறி இறங்கிய மெஷினில் சட்டம் லேசாக முறுகியிருக்கும், பட்டறையில் லெவல் பார்த்து இறக்கி ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகே மீதிப் பணம். வாரண்டி உங்கள் பட்டறையில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து. எல்லாவற்றையும்விட முக்கியம் சுங்கத் தாள். வெளிநாட்டிலிருந்து கண்காட்சிக்கு மட்டும் தற்காலிகமாகக் கொண்டுவந்த சரக்கு என்றால், சுங்க வரி கட்டித் தீர்க்காமல் அதை இங்கே விற்கக் கூடாது. இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்த ‘பில் ஆஃப் என்ட்ரி’ நகலைக் கேளுங்கள். நகல் வராமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கூடாது.

மானியம் வாங்கித் தருகிறோம் என்பவர்தான் உண்மையில் ஆபத்தானவர். மெஷின் வாங்கச் சொல்லும் டீலர், அவர் பக்கத்தில் ஃபைலோடு ஒரு ‘கன்சல்டன்ட்’, கையில் லேப்டாப். பி.எம்.இ.ஜி.பி. என்பார். அது முக்கியமாகப் புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கான மத்திய அரசின் கடன் மானியத் திட்டம். ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் பட்டறையை மனைவி பெயரில் ‘புதுசாக’ காட்டலாம் என்று யோசனை சொல்வார். கையெழுத்துப் போடுபவர் நீங்கள், மாட்டுபவரும் நீங்கள்தான், அவர் அடுத்த ஸ்டாலில் இருப்பார். அந்த மானியமும் கைக்கு வருவதில்லை, வங்கியிலேயே மூன்று ஆண்டு கிடந்து பிறகுதான் கடனில் கழியும். விலையை ஏற்றிக் கொட்டேஷன் போட்டுத் தருகிறேன், உங்கள் பங்குப் பணம் கட்டவே வேண்டாம் என்பது அடுத்த தூண்டில். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். அதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் வாங்குகிறார்கள்.

மாநில அரசின் மானியம் உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தேனியிலேயே மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கடனோடு சேர்ந்த மானியம் என்றால், கடன் அனுமதிக் கடிதம் வரும் முன் மெஷினுக்குப் பணம் கட்டிய ரசீதைக் காட்டியே விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். கண்காட்சியில் அட்வான்ஸ் கட்டாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஜெராக்ஸை மூன்று மேஜையில் கொடுக்க வேண்டியிருக்கும், மேலாளர் லீவு என்பார்கள், அடுத்த வாரம் சர்வர் இருக்காது. அலையாமல் நடக்காது. இந்த அலைச்சலை இப்படியே விட்டு வைத்திருப்பதால்தான் அந்த லேப்டாப் ஆசாமிக்குப் பிழைப்பு ஓடுகிறது.

விலையைக் கணக்குப் போடும்போது மெஷினை மட்டும் பார்க்காதீர்கள். 7 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1.26 லட்சம்; விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் முறையில் இருந்தால் அது திரும்ப வராது. காற்று 6 பார் அழுத்தத்துக்குக் குறையாமல் வேண்டும், அதனால் உங்கள் சின்னக் கம்ப்ரஸர் போதுமா என்று கேளுங்கள். தூசி உறிஞ்சும் டஸ்ட் கலெக்டர் பெரும்பாலும் கொட்டேஷனில் இருக்காது, அது இல்லாவிட்டால் தூசி பலகை ஓரத்தில் படிந்து டேப் உரியும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற வேலை இது. இறக்க ஹைட்ரா கிரேன், பொருத்த வரும் இன்ஜினியரின் தங்கும் செலவு யார் தலையில் என்பதும் தாளில் வர வேண்டும். மெஷினின் மொத்த கிலோவாட்டை வாங்கி, உங்கள் த்ரீ பேஸ் இணைப்பின் அனுமதித்த லோடு தாங்குமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். கூடுதல் லோடுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் மெஷின் தார்ப்பாய்க்குள் நிற்கும், தவணை மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

பஸ் ஏறும் முன் பட்டறை நீளத்தை டேப்பால் அளந்து பாருங்கள். மெஷின் 6 மீட்டர் என்றால், 8 அடிப் பலகை உள்ளே நுழைய இரண்டரை மீட்டர், வெளியே வர இரண்டரை மீட்டர். ஆக 11 மீட்டர், 36 அடி, நடுவில் தூண் இல்லாமல். உங்கள் ஷெட் முப்பதடிதான் என்றால் கண்காட்சியில் நீங்கள் பார்க்க வேண்டியது நான்கு மீட்டர் மெஷின்களை. அந்த அளவில் ப்ரீ-மில்லிங்கோடு எது இருக்கிறது என்று போனிலேயே கேட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.