இசைக்கருவி கேள்வி–பதில்: கூட்டத்தில் கேட்கும் பாஸ் எது?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் வாரந்தோறும் கூடி வாசிக்கிறோம். மூன்று கிட்டார், ஒரு வயலின், ஒரு மாண்டலின், ஒரு கஹோன் (மேலே அமர்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) என்பது எங்கள் குழு. சில நாள் ஒருவர் வீட்டுக் கூடத்திலும், சில நாள் மின் இணைப்பு இல்லாத திறந்தவெளியிலும் வாசிப்போம். கீழ்ஸ்தாயிக்கு ஆள் இல்லாததால், மூன்றாவது கிட்டார் வாசிக்கும் நான் பாஸுக்கு மாற விரும்புகிறேன். ஆளுயர வயலின் போல் நிற்கும் டபுள் பாஸை என்னால் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. கடையில் ஓர் அக்கூஸ்டிக் பாஸ் கிட்டாரை (மின்சாரம் இன்றி மரப்பெட்டியால் ஒலிப்பது) வாசித்துப் பார்த்தேன்; ஒலி நிறைவாக இருந்தது. அதை வாங்கலாமா?

பதில்: ஒரு வாரம் பொறுத்திருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். நானும் உங்களைப் போலவே ஒரு கடையின் உள்ளறையில் அமர்ந்து அக்கூஸ்டிக் பாஸ் கிட்டார் ஒன்றை வாசித்து, அதன் கார்வை மனத்துக்குப் பிடித்துப்போய், அன்றே வாங்கி வந்தவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு கிட்டார்களுக்கு நடுவில் அமர்ந்து வாசித்தபோது எனக்கு அது நன்றாகவே கேட்டது. பாட்டு முடிந்ததும், எதிரே பத்தடி தள்ளி அமர்ந்திருந்த நண்பர், "அடுத்த பாட்டிலிருந்து நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்களா?" என்று அக்கறையோடு கேட்டார். நான் இன்னும் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பதாகவே அவர் நினைத்திருக்கிறார். எனக்குக் கேட்டதில் ஒரு பங்கு காது வழியாக வந்ததே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கருவியின் பின்பலகை என் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. வலது முன்கை அதன் மேல்விளிம்பில் படிந்திருந்தது. தடித்த தந்தியை மீட்டும் ஒவ்வொரு முறையும் அந்த நடுக்கம் எலும்பு வழியாகவே உடலுக்குள் இறங்கியது. வாசிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் அந்த அதிர்வை எல்லோருக்கும் கேட்கும் ஒலியாக எண்ணிவிடுவதால்தான் பலர் இக்கருவியை வாங்கி ஏமாறுகிறார்கள்.

பாஸின் அடித்தந்தியான ஈ (E ஸ்வரம்) நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் அதிகம். தந்தி மெல்லியது என்பதால் அது நேராகக் காற்றைத் தள்ளுவது மிகக் குறைவு. மேல்பலகையும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றுமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். சாதாரண கிட்டாரின் பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை (நொடிக்கு 100 அதிர்வு) ஒட்டித் தானாக ஒத்ததிரும். டபுள் பாஸின் பெரிய பெட்டியில் அது 60 ஹெர்ட்ஸை ஒட்டி நிகழும். அந்த எல்லைக்குக் கீழே போகப்போக ஒலி விரைவாகத் தேய்ந்துவிடும். அக்கூஸ்டிக் பாஸ் கிட்டாரின் பெட்டி ஒரு பெரிய கிட்டாரின் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. தந்தி டபுள் பாஸின் சுருதியில் இருந்தாலும், அதற்கு ஈடுகொடுக்கும் பெட்டி இல்லை. போதாததற்கு நம் காதும் கீழ்ஸ்தாயியில் மந்தமானது: 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று 40 டெசிபலில் எவ்வளவு உரக்கத் தோன்றுமோ, அதே அளவு தோன்ற 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 80 டெசிபலுக்கு மேல் வேண்டும். உங்கள் குழுவின் மாண்டலினும் வயலினும் காது கூர்மையாக இருக்கும் இடத்தில் வாசிக்கின்றன. நீங்கள் அது மங்கிய இடத்தில் வாசிக்கப் போகிறீர்கள்.

இந்தச் சிக்கலைக் கருவி செய்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். அமெரிக்க இசைக்கருவி நிறுவனமான எர்னி பால் 1972இல் வெளியிட்ட எர்த்வுட் பாஸின் பெட்டி, இன்று விற்கும் பெரும்பாலான அக்கூஸ்டிக் பாஸ் கிட்டார்களைவிட மிகவும் ஆழமாக இருந்தது அதனால்தான். பின்னர் வந்தவை கைக்கு அடக்கமாக மெலிந்தன. கூடவே, அதிர்வை மின்குறிப்பாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்அப்பும் பொருத்தப்பட்டு வந்தன. பிக்அப் பொருத்தப்பட்ட அக்கூஸ்டிக் பாஸைக் கடையில் பார்க்கும்போது, அதைச் செய்தவரே பெட்டியின் ஒலியை மட்டும் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி இல்லாமல், தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு நடுவில் கேட்க வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்தவற்றில் முதலில் நிற்பது மெக்சிகோவின் மரியாச்சி என்னும் மரபிசைக் குழுக்கள் வாசிக்கும் கிட்டாரோன். வயலின்களுக்கும் எக்காளங்களுக்கும் நடுவே, நடந்துகொண்டே வாசிப்பதற்காக உருவான கருவி அது. கழுத்து குட்டை, பெட்டியோ மிகப் பெரிது, பின்புறம் கூரை போல் புடைத்திருக்கும். கழுத்தில் ஸ்வர இடங்களைக் காட்டும் மெட்டுகள் (ஃப்ரெட்) கிடையாது. ஏ, டி, ஜி, சி, ஈ, ஏ என்று ஆறு தந்திகள். அதன் அடித்தந்தி 55 ஹெர்ட்ஸ் ஏ ஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பெட்டியால் தாங்க முடியாத ஆழத்துக்கு அது போவதே இல்லை. அதோடு, ஒரு ஸ்வரத்தையும் அதன் மேல்ஸ்தாயி ஸ்வரத்தையும் இரு தந்திகளில் ஒரே நேரத்தில் இழுத்து வாசிப்பது அதன் மரபு. மேல் ஸ்வரம் தொலைவுக்குச் செல்கிறது. கீழ் ஸ்வரம் அதற்கு உடல் கொடுக்கிறது. இவ்வளவு எளிய உத்தியில் இத்தனை அறிவு இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஆனால் கிட்டார் பழகிய விரல்களுக்கு அது உடனே வசப்படாது. தந்திகள் தடித்தவை, மெட்டு இல்லாததால் சுருதியைக் காதுதான் காக்க வேண்டும், இடது கை வலிமை பெறச் சில மாதங்கள் பிடிக்கும். ஈ, எஃப், ஜி ஆகிய ஆழ்ந்த ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கவும் பழக வேண்டும்.

டபுள் பாஸை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பலரும் வாசிக்கும் முக்கால் அளவுக் கருவி உங்களுக்குச் சுமையாக இருக்கலாம்; அரை அளவில் செய்யப்பட்டவையும் உண்டு. ஒட்டுப்பலகையில் செய்தவை வெயிலையும் இடிபாட்டையும் தாங்கும். கருவியின் அடியில் உள்ள ஊன்றுகோலைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஒரு சக்கரத்தைச் செருகினால் கருவியைத் தூக்காமல் உருட்டிச் செல்லலாம். உங்கள் பயணம் காரில் என்றால் இதுவே என் முதல் தேர்வு. நெரிசலான பேருந்தில் என்றால் கிட்டாரோன்தான். ரஷ்யாவின் முக்கோண வடிவக் கான்ட்ராபாஸ் பாலலைக்கா தோல் மீட்டியால் (தந்தியை மீட்டும் சிறு துண்டு) வாசிக்கப்படுவது, நல்ல முழக்கம் உடையது. ஆனால் சுமப்பதில் டபுள் பாஸுக்குச் சளைத்ததன்று. காற்றுக்கருவி என்று போனால், உடலைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதும் பெரிய குழலான சூசஃபோன் ஒன்றே போதும், ஆறு பேரையும் மூழ்கடித்துவிடும். வயலின் உள்ள குழுவுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும், கடைக்குள் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிறிய அறையில் சுவர்களும், குறிப்பாக மூலைகளும், கீழ்ஸ்தாயி ஒலியைக் கூட்டிக் காட்டும். திறந்தவெளியில் அந்த உதவி இருக்காது. தொலைவு இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். கருவியை இரவலாகவோ வாடகைக்கோ பெற்று, உங்கள் குழுவோடு வெளியே கொண்டுபோய், வேறொருவரிடம் அதைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு கிட்டார்கள் வழக்கமான வேகத்தில் அடித்து வாசிக்கட்டும். நீங்கள் பத்தடி, இருபதடி என்று பின்னால் நகர்ந்துகொண்டே போய், அடித்தந்தியின் ஸ்வரம் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று பாருங்கள். பத்தடிக்குள் போய்விட்டால், அந்தக் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் குழுவுக்கு ஆகாது.

கேள்வி: உகுலேலே (நான்கு தந்திச் சிறு கிட்டார்) வடிவில் உகுலேலே பாஸ் என்று ஒன்று வருகிறதே, பையில் போட்டுக்கொண்டு போகும் அளவுக்குச் சிறியது. ஆறேழு பேர் சேர்ந்து பாடும் இடத்தில் அது போதுமா?

பதில்: ஒலிபெருக்கி இல்லாமல் போதாது. சுமார் அரை மீட்டர் நீளமே உள்ள தந்தியில் டபுள் பாஸின் சுருதியைக் கொண்டுவருவதற்காக ரப்பர் போன்ற பாலியூரித்தேன் தந்திகளை அதில் கட்டுகிறார்கள். ஒலிபெருக்கியில் இணைத்தால் டபுள் பாஸை நினைவூட்டும் இனிய ஓசை வரும். இணைக்காவிட்டால் வீட்டில் தனியே பழகுவதற்கு மட்டுமே உதவும். மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறிய ஒலிபெருக்கியையும் சேர்த்துச் சுமக்கச் சம்மதம் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒலிபெருக்கி சேர்ந்தால் இசையின் தூய்மை கெட்டுவிடும் என்று சிலர் வருந்துகிறார்கள். யாருக்கும் கேட்காத பாஸால் குழுவுக்கு என்ன பயன் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே அக்கூஸ்டிக் பாஸ் கிட்டார் இருக்கிறது. வேறு வாங்க இப்போது வசதி இல்லை. இருப்பதை வைத்து ஒலியைக் கூட்ட வழி உண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு. ஒரு ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வு காதுக்கு எட்டாவிட்டாலும், அதன் மேலடுக்கு அதிர்வுகள் எட்டினால், நம் செவியும் மூளையும் சேர்ந்து அந்த ஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும். 41 ஹெர்ட்ஸ் போனாலும் 82, 123, 165 என்னும் அடுக்குகள் கேட்டால் ஈ என்றே உணர்வோம். ஆகவே அந்த அடுக்குகளை வலுப்படுத்துங்கள். புதிய வெண்கலத் தந்திகளைக் கட்டுங்கள். மழுங்கிய பழைய தந்தி இந்த அடுக்குகளைத்தான் முதலில் இழக்கிறது. விரலின் சதைப்பகுதிக்குப் பதிலாகத் தடித்த மீட்டியைப் பயன்படுத்துங்கள், ஒலித்துளைக்கு மேலே மீட்டாமல் குதிரையை (மேல்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) நோக்கிச் சற்று நகர்ந்து மீட்டுங்கள். உங்களுக்கு ஓசை கரகரப்பாகத் தோன்றும். எதிரே இருப்பவருக்குத் தெளிவாகவே கேட்கும்.

அடித்தந்தியை அரிதாகவே தொட்டு, பெரும்பாலும் ஏ தந்திக்கு மேலே வாசியுங்கள். சுவருக்கு அருகே அமர்ந்து, ஒலித்துளையைக் கேட்பவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். பின்பலகையை வயிற்றோடு அழுத்தாமல் சற்று விலக்கிப் பிடித்தால் அதுவும் தடையின்றி அதிரும். பிறகு உங்கள் கிட்டார் நண்பர்களிடம் பேசுங்கள். அவர்கள் கீழ் இரண்டு தந்திகளைத் தொடாமல் மேல் நான்கில் மட்டும் அடித்து வாசித்தால், 82 முதல் 147 ஹெர்ட்ஸ் வரையிலான இடம் பெருமளவு உங்களுக்குக் காலியாகும். முதல் நாள் அவர்களுக்குக் கை கட்டிப்போட்டது போல் இருக்கும். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளச் சொல்லி, அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காமல் காதொலிப்பான் மாட்டி எல்லோரும் கேட்டுப் பாருங்கள்.