சதவீதமும் ஓட்டும்: ஒரு குமரிக் கடிதம்

அண்ணே வணக்கம். எங்க வீடு களியக்காவிளை பக்கம். ஒரு வாரமா குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்டை. 2011 சென்சஸ்ல நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இந்து 48.65, கிறிஸ்தவங்க 46.85, முஸ்லிம் 4.2 சதவீதம்னு ஒருத்தர் போட்டாரு. அடுத்த கணக்கெடுப்புல எல்லாம் தலைகீழாயிரும், ஓட்டும் போச்சு கலாச்சாரமும் போச்சுன்னு சித்தப்பா சொல்லுதாரு. பயப்படணுமாண்ணே?

அன்புள்ள தம்பி,

சதவீதம் சரிதான். ஆனா அதை வச்சு ஓட்டு இப்படித்தான் விழும்னு சொல்றதுதான் தப்பு. 2014ல கன்னியாகுமரி எம்.பி. தொகுதியில பாஜகவோட பொன். ராதாகிருஷ்ணன் ஜெயிச்சாரு, 2019ல அவரையே காங்கிரசோட வசந்தகுமார் ரெண்டரை லட்சம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல தோக்கடிச்சாரு, இந்த அஞ்சு வருஷத்துக்குள்ள ஜனத்தொகை அவ்வளவு மாறிருமா? 2014ல காங்கிரஸ், திமுக, அதிமுக எல்லாம் தனித்தனியா நின்னு ஓட்டு சிதறுச்சு, 2019ல காங்கிரசும் திமுகவும் ஒண்ணா நின்னாங்க. நடுவுல 2017ல ஒக்கி புயல் வந்துது, கடலுக்கு போனவங்க திரும்பி வரல, இணையம்ங்கிற ஊர்ல துறைமுகம் வேண்டாம்னு கடற்கரை முழுக்க போராட்டம், அந்த கோபமும் ஓட்டுல இருந்துது. இதுல வசந்தகுமாரும் இந்து தான், அதை சித்தப்பா கிட்ட சொல்லு. கிறிஸ்தவ ஓட்டுன்னு ஒரே மூட்டையா கட்டுறாங்களே, கடற்கரை லத்தீன் கத்தோலிக்கரும் சிஎஸ்ஐயும் இரட்சணிய சேனையும் பெந்தெகொஸ்தேயும் என்னைக்கு ஒரே மாதிரி யோசிச்சாங்க?

எங்க தாத்தா காலத்து பாகப்பத்திரம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சுட்டு. மூணு மகனுக்கு தென்னந்தோப்பை பிரிச்சது. மூத்தவருக்கும் இளையவருக்கும் சாமி பேரு, நடுவுல உள்ளவருக்கு பைபிள் பேரு. மூணு பேருக்கும் கிணறு பொதுன்னு எழுதியிருக்கு. நம்ம ஊர்ல பாதி குடும்பம் இப்படித்தான். அதுக்கும் முந்தி, மார்பை மறைக்க தோள் சீலை போட்டதுக்கு நம்ம பொம்பளைங்கள அடிச்ச காலம் ஒண்ணு இருந்துது, 1859ல திருவிதாங்கூர் ராஜா உத்தரவு வர்ற வரைக்கும் அடி வாங்கினதுல கொஞ்சம் பேரு கிறிஸ்தவ மிஷன் பக்கம் போனாங்க, கொஞ்சம் பேரு சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் பக்கம் போனாங்க. வேதனை ஒண்ணுதான்.

கலாச்சாரம்னா சித்தப்பா எதை சொல்லுதாருன்னு தெரியல. கல்யாண பந்தியில பருப்பு, சாம்பார், புளிசேரி, கடைசியில பாயாசத்துல பழத்தையும் பப்படத்தையும் போட்டு பிசையுறது, இது இந்து வீட்டுலயும் கிறிஸ்தவ வீட்டுலயும் ஒண்ணு தானே.

அரசியல் மாறவே இல்லன்னு நான் சொல்ல வரல, ரொம்பவே மாறிட்டு. 1954ல திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு தமிழ்நாட்டோட சேரணும்னு கேட்டு மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்களே, அப்ப அந்த போராட்டத்தை நடத்துன கிறிஸ்தவர் நேசமணியும் இந்து தாணுலிங்க நாடாரும் ஒரே கட்சி, 1956 நவம்பர் 1ல சேந்தோம். அப்புறம் அதே தாணுலிங்க நாடார் இந்து முன்னணிக்கு தலைவரானாரு. 1982ல மண்டைக்காட்டுல இந்து-கிறிஸ்தவ கலவரம். அதுக்கப்புறம்தான் எங்க தெருவுலயே கடைக்காரன் எந்த மதம்னு பாத்து சாமான் வாங்க ஆரம்பிச்சாங்க, அந்த வருஷம் சென்சஸ் சதவீதம் எந்த பக்கம் கூடுச்சுன்னு யாரும் பாக்கல, பயம் தான் கூடுச்சு. பிள்ளைங்க எண்ணிக்கை இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணு ரெண்டோட நிக்குது, மிச்சம் உள்ளவன் கல்ஃபுக்கு போயிடுதான், சித்தப்பா மகனும் அங்கதானே இருப்பான்.

உங்க வீட்டு பெட்டியிலயும் பழைய பத்திரம் கெடக்கும் தம்பி, எடுத்து பாரு. என்ன பேரெல்லாம் இருக்குன்னு எனக்கு எழுது.