சிறார் நாவலும் ஆஃப்சைடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பள்ளி நூலகர். பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுடன் வாரந்தோறும் வாசிப்புக் கூடுகை நடத்துகிறேன். அண்மையில் ஒரு சிறார் கால்பந்து நாவலைப் படித்தோம். பள்ளி அணியின் சிறுவன் ஒருவன், ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னதாகவே நின்று பந்தைப் பெறும் தவறு) என்று நடுவர் ஊதிய விசிலால் அரையிறுதியை இழந்து, மறு ஆண்டு கோப்பையை வெல்லும் கதை. பெயர் போடாமல் கருத்தை எழுதித் தரச் சொன்னேன். சில சீட்டுகள்:

“த்ரோ-இன்னில் வந்த பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. அதனால் அவன் அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை.”

“ஆட்டம் வரும் பக்கங்களைத் தாண்டிவிட்டேன். பெனால்டி மட்டும் இரண்டு முறை படித்தேன்.”

“கோல்கீப்பர் கோல் விடும்போது மட்டும்தான் கதைக்குள் வருகிறான்.”

“தங்கை ஏன் கடைசிவரை பந்து பொறுக்கிப் போடுகிறாள்?”

“விடாமுயற்சி வெற்றி தரும் என்று அறிந்தேன். மிக நல்ல நூல்.”

முதல் நான்கும் விளையாட்டைப் பற்றியவை, கடைசிச் சீட்டு மட்டுமே விமர்சனம் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். கையெழுத்துப் பத்திரிகையில் போடுவதற்கு முன் பிள்ளைகளுக்கு விமர்சனம் எழுதப் பயிற்சி தர வேண்டும் என்பது அவர் கருத்து. நூலாசிரியருக்கு இவற்றை அனுப்பினால் அவர் மனம் புண்படுமோ என்றும் தயங்குகிறேன். ஒரு மாணவி பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவளை முடிக்கச் சொல்லலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள நூலகருக்கு,

அந்த நாவலை நானும் படித்திருக்கிறேன். சீட்டுகளை ஒரு எழுத்தும் திருத்தாமல் வெளியிடுங்கள். உங்கள் சக ஆசிரியர் வரிசையைத் தலைகீழாகப் பார்க்கிறார். அந்த நான்கும்தான் விமர்சனம்.

முதல் சீட்டை எடுத்துக்கொள்வோம். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனபின் ஆட்டத்தைத் தொடரும் வழிகளான த்ரோ-இன், கோல்-கிக், கார்னர் ஆகிய மூன்றிலிருந்தும் பந்தை நேராகப் பெறுபவருக்கு ஆஃப்சைடு இல்லை. கால்பந்து விதிகளில் 11-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாவலின் துயரம் முழுவதும் அந்த ஒரு விசிலின் மேல் நிற்கிறது. நடுவர் தவறு செய்யக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். அப்படியானால் களத்தில் ஒருவனாவது கையை உயர்த்திக் கத்தியிருக்க வேண்டும், பயிற்சியாளர் கோட்டருகே ஓடி வந்திருக்க வேண்டும். நாவலில் எல்லாரும் தலைகுனிந்து வெளியேறுகிறார்கள். ஆகவே நடந்தது அநீதியா தோல்வியா என்பது கதைக்கே தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு அழுகை வராததன் காரணம் இதுதான். கதையின் அடித்தளத்தில் இருக்கும் விரிசலைக் காட்டி, அதனால் தன் உணர்ச்சி எங்கே அறுந்தது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறான், அல்லது எழுதியிருக்கிறாள். பல மதிப்புரைகளில் இந்த இரண்டாவது பகுதி இருப்பதே இல்லை.

இரண்டாவது சீட்டைப் பலமுறை படித்துவிட்டேன். ஆட்டங்களைத் தாண்டிய குழந்தை பெனால்டியை மட்டும் ஏன் இரண்டு முறை படித்தது? களத்தில் இருபத்திரண்டு பேர் தொண்ணூறு நிமிடம் ஓடுவதைப் பார்வையாளரின் கண் ஒரே வீச்சில் வாங்கிக்கொள்கிறது. எழுத்தால் அது முடியாது. ஒரு வாக்கியத்தில் ஒருவரைத்தான் ஓட வைக்கலாம். யார் யாருக்குப் பந்தைத் தட்டினார் என்று அடுக்கிக்கொண்டே போனால், ஆடத் தெரிந்த வாசகர்கூடச் சலித்துவிடுவார். பெனால்டியில் இரண்டே பேர். பந்துக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே 11 மீட்டர். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள வாயிலை ஒருவன் காக்கிறான், உதைக்கும் நொடிவரை கோட்டைவிட்டு முன்னால் வர அவனுக்கு அனுமதி இல்லை. ஒருவனுக்கு என்ன வேண்டும், அதை மற்றவன் எப்படித் தடுக்கப் பார்க்கிறான் என்பது விதி தெரியாத குழந்தைக்கும் புரிந்துவிடுகிறது. கால்பந்தில் ஆர்வமில்லாததால் அந்தக் குழந்தை தாண்டியது என்று நினைத்தால் தவறு. ஆசை தெரிந்த இடத்தில் அது நின்று படித்திருக்கிறது. விளையாட்டுக் கதை எழுத நினைப்பவர்களுக்கு இதைவிட உபயோகமான குறிப்பு எனக்குத் தெரியாது.

கோல்கீப்பர் பற்றிய சீட்டோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கதை முன்கள வீரனின் கண் வழியாகச் செல்கிறது. களத்தின் மறுகோடியில் நிற்பவனுக்குத் தன் கோல்கீப்பர் ஞாபகத்துக்கு வருவதே கோல் விழும்போதுதான். ஆசிரியர் அதை உணர்ந்தே செய்திருக்கலாம். இந்தப் பதிலை அந்தக் குழந்தையிடம் சொல்லுங்கள், வாதாட விடுங்கள். சீட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும்.

தங்கையைப் பற்றிய கேள்வி விளையாட்டின் வரலாற்றுக்குள்ளேயே போகிறது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் இரு பெண்கள் அணிகளின் ஆட்டத்தை 53,000 பேர் பார்த்தார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது நீடித்தது. பெண்களுக்கான முதல் அதிகாரப்பூர்வ உலகக் கோப்பை 1991-இல்தான் நடந்தது. கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்குவது ஒருத்தியின் சுபாவம் அல்ல, யாரோ அவளை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். இன்று எழுதப்படும் நாவல் அதைக் கவனிக்காமல் கடந்து போவது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தச் சிறுமிக்கு (சிறுமி என்றே நினைக்கிறேன்) இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். தன் கேள்வி எவ்வளவு பழையது, எவ்வளவு நியாயமானது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

கடைசிச் சீட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் கேட்டால் கதையிலிருந்து ஒரு நீதியை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நாம் பழக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பயிற்சி கொடுத்தால் மற்ற நான்கு பேரும் இப்படி எழுதக் கற்றுக்கொள்வார்கள். அது வேண்டாம். “பிடித்ததா?” என்ற கேள்விக்குக் குழந்தைகள் நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். “எந்தப் பக்கத்தைத் தாண்டினாய்? எதைத் திரும்பப் படித்தாய்? எங்கே நம்பிக்கை போயிற்று?” என்று கேளுங்கள். ஐந்தாவது குழந்தையிடமும் இதையே கேட்டுப் பாருங்கள்.

நூலாசிரியருக்கு அவசியம் அனுப்புங்கள். அவரைக் கூடுகைக்கு அழைப்பதாக இருந்தால் சீட்டுகள் எழுதி முடித்த பிறகு அழையுங்கள். எழுதியவர் எதிரே அமர்ந்திருக்கும்போது எந்தக் குழந்தையும் உண்மையைச் சொல்லாது. அவர் நோகலாம். ஆனால் பிள்ளைகளுக்காக எழுதுபவருக்கு, தன் வாசகர் எந்தப் பக்கத்தில் விலகிப் போனார் என்று அறியும் வாய்ப்பு மிக அரிது. பாராட்டைப் பெற்றோரும் பதிப்பாளரும் சொல்லிவிடுவார்கள். ஆஃப்சைடு சீட்டில் பக்க எண்ணையும் குறித்து அனுப்புங்கள், அடுத்த பதிப்பில் உதவும்.

பாதியில் நிறுத்திய மாணவியை முடிக்கச் சொல்ல வேண்டாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினாள் என்று மட்டும் கேட்டு, அதையும் ஒரு சீட்டாக எழுதி மற்றவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.